நரி முகம்

மூன்று நாளாக நரிக்கு இரை அகப்படவில்லை. நாவல் மரத்துக் காகம் அதைச் சீண்டியது.

"நல்லது நடந்தா, 'இன்னைக்கு நரி முகத்துல முழிச்சேன்'னு ஊரே சொல்லுது. உனக்கு மட்டும் ஏன்டா பட்டினி?"

"என் மூஞ்சியை நான் எங்கண்ணே பார்த்தேன்?"

யோசிக்க யோசிக்க, காரணம் அதுதான் என்று நரிக்குப் பட்டது. சாயங்காலமே குளத்தங்கரைக்குப் போய், தண்ணீருக்கு மேலே தலையை நீட்டிப் படுத்துக்கொண்டது.

விடிந்ததும் கண்ணைத் திறந்தால், எதிரே தண்ணீரில் தன் முகம். கொஞ்சம் வாடியிருந்தாலும் ராசியான முகம்தான். கிடைக்கப்போவது முயலா, கோழியா என்று நரி கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது, நேர் கீழே, ஒரு வாரமாய்ப் பட்டினி கிடந்த முதலையும் கண் விழித்தது.

"ஊர்ல சொல்றது பொய்யில்லப்பா" என்று அது வாயைத் திறந்தது.