பத்து நிமிடம் முந்திய கடிகாரம்

கூடத்துச் சுவரில் ஒரு கடிகாரமும், அதன் பின்னால் ஒரு பல்லியும் வாழ்ந்தன. எதற்கும் தாமதமாகிவிடக் கூடாதென்று, வீட்டுக்காரர் திருமாறன் கடிகாரத்தைப் பத்து நிமிடம் முன்னதாக வைத்திருந்தார். ஆனால், அதைப் பார்க்கும்போதெல்லாம் அந்தப் பத்தைக் கழித்துவிட்டு நிதானமாகவே புறப்படுவார்.

"நான் கத்தினால் உண்மை என்கிறார்கள், நீ மணியடித்தால் கழித்துக்கொள்கிறார்கள்" என்று பல்லி கேலி செய்தது.

கடிகாரத்துக்கு வெட்கமாயிற்று. ஒரு நாளேனும் உண்மை பேச விரும்பி, முட்களை மெல்ல மெல்லத் தளர்த்திச் சரியான நேரத்துக்கு வந்து சேர்ந்தது.

அன்று மாலை, திருமாறனின் தங்கை நெடுந்தொலைவில் குடியேற ரயிலேறவிருந்தாள். அவளுக்கென அதிரசம் பொதிந்து வைத்திருந்தவர், கடிகாரத்தைப் பார்த்தார். வழக்கம்போல் பத்தைக் கழித்தார். காப்பியை ஆற்றி ஆற்றிக் குடித்தார்.

"அவரைக் கிளம்பச் சொல்லேன்" என்று பல்லி பதறியது.

"சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். இன்றைக்குச் சரியாகவே சொல்கிறேன்" என்றது கடிகாரம்.

பிரிக்காத பொதியோடு திரும்பி வந்தவர், நெடுநேரம் கடிகாரத்தையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்.

"நான் புறப்பட்டபோது நேரம் இருந்ததே" என்றார்.

பல்லி கத்தவில்லை.