இரண்டு பிரதிகள்

மகளின் பாஸ்போர்ட் போட்டோக்களைச் சுற்றித் தந்திருந்த தாளைத் தமிழரசி கடை வாசலிலேயே பிரித்துப் பார்த்தாள். அதில் பத்ரியின் வங்கிக் கணக்கின் பாஸ்வேர்டு இருந்தது.

அதற்குக் கீழே அவன் அம்மாவின் பென்ஷன் கணக்கு. அதற்கும் கீழே மின்கட்டணம், காஸ் இணைப்பு, அவன் மகள் படிக்கும் பள்ளியின் செயலி. இணையதளம், பயனர் பெயர், பாஸ்வேர்டு என்று வரிசையாக அறுபது வரிகளாவது இருக்கும்.

வலது ஓரம் வெட்டுப்பட்டிருந்தது. வீணாய்ப்போன பிரிண்ட். வீணாய்ப்போன பிரிண்டுகளில்தான் அந்தக் கடையில் போட்டோ சுற்றித் தருவார்கள்.

கடை மராட்டி பேசும் ஊரான மகர்பட்டாவில், அவள் அலுவலகக் கட்டடத்துக்கு நேர் எதிரே இருந்தது. மேலப்பாளையத்துக்காரர் ஷாகுல் ஹமீது நடத்தும் ஜெராக்ஸ் கடை.

பத்ரி அவள் அலுவலகத்தில் வேலை பார்ப்பவன். அந்த நேரத்தில் அதே கடையின் ஓரத்தில், கையில் டீயோடு நின்றிருந்தான்.

“என்ன பத்ரி இது?”

“பேக்கப் அக்கா. நீங்க வந்து...”

“வாயைத் திறக்காத. இது எப்படிக் கடைக்கு வந்தது?”

அவன் சுவரைக் காட்டினான். பிரிண்ட் எடுக்க வேண்டியவர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டிய எண் அங்கே பெரிதாக ஒட்டியிருந்தது.

பாஸ்வேர்டுகளைப் பூட்டி வைக்கும் செயலி ஒன்றை ஐந்து வருடமாக அலுவலகம் எல்லோருக்கும் கொடுத்திருந்தது. வீட்டுக் கணக்குகளையும் அதிலேயே போட்டு வைத்திருந்தார்கள். வெள்ளிக்கிழமையோடு அந்தச் செயலிக்கான ஒப்பந்தம் முடிகிறது. அதற்குள் அவரவர் பட்டியலை அவரவர் வெளியே எடுத்துக்கொள்ள வேண்டும். வெளியே எடுத்துவிட்டால் அது பூட்டில்லாத வெறும் பட்டியல். யார் கையில் கிடைத்தாலும் படிக்கலாம்.

பதினாறு எழுத்தில் ஒரு முதன்மை பாஸ்வேர்டு, அதன் மேல் கைரேகை, அதற்கும் மேல் போனுக்கு வரும் ஆறு இலக்க எண். பாதுகாப்புப் பிரிவில் உட்கார்ந்து இத்தனை பூட்டையும் போட்டவள் தமிழரசி. அத்தனையையும் கழற்றி, அம்மாவின் பென்ஷனையும் சேர்த்து ஒரு ஜெராக்ஸ் கடையின் வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டு, இவன் டீ குடிக்கிறான்.

“பாய், இதை இப்பவே அழிங்க. வாட்ஸ்அப், டவுன்லோடு, ரீசைக்கிள் பின், எதுலயும் இருக்கக் கூடாது.”

“அழிச்சிரலாம்மா. அதுக்கு ஏன் இப்படிக் கோவப்படுதிய? நான் என்ன உக்காந்து படிக்கவா போறேன்? என் போன் பாஸ்வேர்டே எனக்கு ஞாபகம் நிக்க மாட்டேங்கு.”

“நீங்க படிக்க வேண்டாம் பாய். போட்டோ வாங்கிட்டுப் போறவன் படிப்பான்.”

அவர் கணினித் திரையை அவள் பக்கம் திருப்பி, மவுஸையும் தள்ளிவைத்தார்.

டவுன்லோடு பகுதியில் பத்ரியின் கோப்பைத் தேடினாள். எக்ஸ்போர்ட் என்று இருந்தது. அதன் கீழே எக்ஸ்போர்ட் ஒன்று, எக்ஸ்போர்ட் இரண்டு, மூன்று. செயலி எல்லோருக்கும் ஒரே பெயரில்தான் கோப்பைத் தரும். கணினி எண் போட்டுக்கொண்டே போயிருந்தது. முப்பத்தெட்டு வரை.

வாட்ஸ்அப்பைத் திறந்தாள். அனுப்பியவர்களின் முகங்கள் சின்னச் சின்ன வட்டங்களாக இறங்கி வந்தன. பைக்கில் சாய்ந்து நிற்கும் தேஜஸ். கல்யாணப் புடவையில் ஸ்நேஹா. சிங்ககட் கோட்டையில் கறுப்புக் கண்ணாடியோடு அவளுடைய மேலாளர்.

எல்லோரும் படித்தவர்கள். பாதிப் பேர் கம்ப்யூட்டர் இன்ஜினியர்கள். பெட்டிக்கடையில் பத்து ரூபாய் பாக்கியை மூன்று முறை எண்ணி வாங்குகிறவர்கள்.

“எந்த அறிவாளி இவங்களுக்கு இந்த யோசனையச் சொன்னது?”

கேள்வி தெருவரைக்கும் கேட்டிருக்கும். பத்ரி டீக் கோப்பைக்குள் பார்த்தான்.

ஷாகுல் ஹமீது மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். “அதுவும் இருக்கும்மா. ஒரு சார் முந்தாநாள் மறந்து வச்சிட்டுப் போயிட்டாரு. உங்க ஆபீஸ் ஆளுக யார் வந்தாலும் இதப் பாத்துத்தான் போட்டுக் கொடுக்கேன்.”

அலுவலக மின்னஞ்சல். பட்டியலை வெளியே எடுக்கவும். தாளில் இரண்டு பிரதிகள் எடுத்து வீட்டில் பூட்டி வைக்கவும். கணினியில் உள்ள கோப்பை உடனே அழிக்கவும். அலுவலகப் பிரிண்டர் அச்சடிப்பதையெல்லாம் தனக்குள் சேமித்துக்கொள்ளும் என்பதால், இதற்கு அதை எக்காரணம் கொண்டும் பயன்படுத்தக் கூடாது.

கடைசி வரி தடித்த எழுத்தில் இருக்கும் என்பது தமிழரசிக்குப் பார்க்காமலே தெரியும்.

எக்ஸ்போர்ட் முப்பத்தெட்டில் தொடங்கி ஒவ்வொன்றாக அழித்தாள். வீணான பிரிண்டுகளின் கட்டைக் கேட்டாள். பாதிக்கு மேல் போட்டோக்களோடு போய்விட்டது என்றார் ஷாகுல் ஹமீது. மிச்சத்தை எடுத்துத் தந்தார்.

“மூணு நாளா கடையில மூச்சு விட நேரமில்ல. இதுல கீழ தமிழரசின்னு பேரு போட்டிருக்கு. நம்மாளு மாதிரிதான் தெரியுது. அந்தம்மாவப் பாத்தியன்னா, கடைக்காரர் ரொம்ப நன்றி சொன்னாருன்னு சொல்லிருங்க.”