வெள்ளிக்கிழமைக்குள் ஒரு குளம்

மூன்றாம் தரமும் தொட்டி ஒழுகியது. இராசமலர் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, சோக்குத் தூளையும் ஆளிவிதை எண்ணெயையும் பிசைந்த பசையைக் கண்ணாடி மூலையில் விரலால் அமத்தினாள். தண்ணீர் அந்த விரலுக்குப் பக்கத்தாலேயே வழிந்தது.

"வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு வித்தியாதரிசி பள்ளிக்கூடம் பாக்க வாறார்," என்றார் வாசலில் நின்ற தலைமையாசிரியர் ஐயாத்துரை. "எல்லாம் வடிவா இருக்கவேணும்."

"வடிவுக்கில்லை மாஸ்ரர், விஞ்ஞானத்துக்கு."

"ரெண்டும் ஒண்டுதானே பிள்ளை."

இராசமலருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கிளிநொச்சிக் கொலனியில் முதல்முதல் பட்டம் எடுத்தவள் அவள். விலங்கியல் படித்துவிட்டு வந்தவளுக்கு இந்தப் பள்ளிக்கூடம் கொடுத்தது தையல் பாடம்.

"பெட்டையளுக்கு விஞ்ஞானம் என்னத்துக்கு?" என்று ஒரு வருடமாகத் தட்டிக்கழித்த மனுசன், போன கிழமை தானாகவே வந்து, "வித்தியாதரிசியைக் கூப்பிட்டிருக்கிறன், உங்கடை கெட்டித்தனத்தைக் காட்டுங்கோ" என்றிருந்தார். வருகிறவர் திருப்திப்பட்டால், தை மாதம் பெண்பிள்ளைகள் பதினொரு பேருக்கு விஞ்ஞான வகுப்பு. இல்லாவிட்டால் அவர்களுக்கும் ஊசியும் நூலும்தான்.

காட்டுவதற்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு சோதனைக் குழாய்கூடக் கிடையாது. அதனால்தான் இந்த மீன் தொட்டி. சட்டம் வண்டிப் பட்டறையில் அடித்தது, கண்ணாடி பழைய யன்னலில் கழற்றியது.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் ஒருவாறு ஒழுக்கு நின்றது. வாய்க்கால் மணலை ஏழு தண்ணீரில் கழுவிப் போட்டாள். அப்படியும் ஊற்றின தண்ணீர் பால்மாதிரிக் கலங்கியது. குளத்தில் இடுப்பளவு இறங்கிப் பிடுங்கிவந்த கொட்டிச் செடியையும் வேலம்பாசியையும் மணலில் ஊன்றிவிட்டுப் போனாள். விடியப் பார்த்தால் அத்தனையும் மேலே மிதந்தன. விட்ட கெண்டைக் குஞ்சுகளில் இரண்டு வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு கிடந்தன.

கொக்கிளாயிலிருந்து வந்து சின்ன வகுப்புகளுக்குப் படிப்பிக்கும் மார்கிறட் எட்டிப் பார்த்துச் சிரித்தாள்.

"மீனை உயிரோடை வைச்சிருக்க இவ்வளவு பாடோ? எங்கடை வீட்டிலையெண்டால் புளியைக் கரைச்சு விட்டா அலுவல் முடிஞ்சுது."

"பகிடியை விட்டிட்டு அந்த நூலை எடுங்கோ ரீச்சர். செடியைக் கல்லிலை கட்டித் தண்ணிக்குள்ளை தாழ்க்கப்போறன்."

"ஓமோம், கட்டிவிட்டா எல்லாம் அடங்கி நிக்கும்," என்று மார்கிறட் நூல்கண்டை நீட்டினாள்.

வியாழக்கிழமை தண்ணீர் தெளிந்தது. செடிகளும் நின்றன. ஐயாத்துரை வந்து தொட்டியை ஒரு கண் பார்த்துவிட்டு, "நாளைக்கு உங்கடை ஐயாவையும் வரச்சொல்லுங்கோ" என்றார்.

"அவர் என்னத்துக்கு மாஸ்ரர்? அவருக்கு நெல்லு வயலை விட்டா ஒண்டும் தெரியாது."

"பெற்றார் பக்கத்தாலையும் ஒராள் நிண்டால் ஒரு பலம்தானே. பிறகு, உந்தச் சேறு பிரண்ட சீலையோடை வந்து நிண்டிடாதேங்கோ."

சேலைக் கதை அவளுக்குக் கோபத்தைத்தான் கிளப்பியது. ஆனாலும், பெண்பிள்ளைகளின் படிப்புக்காக ஒரு தகப்பன் வந்து நிற்பது நல்லதுதான் என்று பட்டது.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு வித்தியாதரிசியின் ஒஸ்ரின் கார் வந்தது. கூடவே அவருடைய மனைவியும் இறங்கினார். இராசமலரின் ஐயா அப்புத்துரை சலவை வேட்டியும் சட்டையுமாக முன்வரிசை வாங்கில் இருந்தார். மகளை நிமிர்ந்து பார்க்கவில்லை. பெரிய மனுசருக்கு முன்னால் கூச்சமாக்கும் என்று அவள் நினைத்தாள்.

யன்னல் வெயில் சரியாகத் தொட்டியில் விழுந்தது. வேலம்பாசியிலிருந்து குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாக மேலே ஏறின.

"இது செடி விடுகிற ஒட்சிசன், சேர். மீன் இதைச் சுவாசிக்குது. மீன் விடுகிறதைச் செடி எடுக்குது. பெட்டையளுக்கு இதைக் கண்ணாலை காட்டலாம், புத்தகத்தைப் பாடமாக்கத் தேவையில்லை."

"எல்லாம் நீங்களே செய்தனீங்கள்?" என்று கேட்டார் வித்தியாதரிசி.

"ஓம், சேர்."

"தண்ணியும் நீங்களே அள்ளினனீங்கள்?" என்று இடையில் வந்தார் அவருடைய மனைவி.

"ஓம். நாப்பது வாளி."

"இவ்வளவு கரைச்சலுக்கும் கோவம் வரேல்லையோ?"

"வந்தது. அதுக்காக விடேல்லை."

கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டினார்கள்.  பதினொரு பெட்டைகளும் தை மாதம் இந்த மேசையைச் சுற்றி நிற்பது இராசமலரின் கண்ணுக்குத் தெரிந்தது.

"எங்களுக்குத் திருப்தி, மாஸ்ரர்," என்றார் வித்தியாதரிசி. "குறிப்பு ஆயத்தமோ?"

"ஓம், சேர்!" ஐயாத்துரை வாய் திறப்பதற்குள் இராசமலர் முந்திக்கொண்டாள். எத்தனை மணிக்கு எத்தனை குமிழி, தண்ணீர் எப்போது தெளிந்தது என்று ஒன்று விடாமல் எழுதிய கொப்பியை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினாள்.

அதே நேரத்தில் ஐயாவும் வாங்கிலிருந்து எழுந்தார். சட்டைப் பையிலிருந்து நாலாய் மடித்த ஒரு கடதாசியை எடுத்து நீட்டினார். அதன் மூலைகளில் மஞ்சள் பூசியிருந்தது.

வித்தியாதரிசியின் கை கொப்பியைத் தாண்டிப் போனது.

"உதில்லைப் பிள்ளை, எங்கடை மகனுக்குப் பொருத்தம் பாக்கிற குறிப்பு."