இரண்டாவது முடிச்சு

அவள் முகத்தில் பவுடர் வாசனை.

பக்கத்து நிரையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த சிவனம்மா அக்கா மூக்கைச் சுருக்கினாள்.

"ஏன்டி, குளவியில மாப்பிள்ள பாக்கவா வந்திருக்க?"

மலையே சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை; வாசனைக்குக் குளவி வந்துவிடும். முந்தானையைப் பனியில் நனைத்து அவள் கன்னத்தை அழுத்தித் துடைத்துவிட்டாள்.

வேலைக்கு வந்த முதல் நாள்.

அம்மாவின் கூடை. அம்மாவின் நிரை.

ஒவ்வொரு தேயிலைச் செடியையும் குனிந்து பார்த்த பிறகே தொட்டாள். இலைக்கடியில். தூரில். ஒரு சருகு அசைந்தால்கூடக் கை பின்னால் போனது.

குளவிக்கூட்டைக் கண்டவள் அந்தச் செடியில் ஒரு துணியைக் கட்டிவிட்டு விலகிவிட வேண்டும். பிறகு வருகிறவர்கள் தொடமாட்டார்கள். மலையில் எல்லோருக்கும் தெரியும்.

குளவி கலைந்த அன்று அம்மாதான் கூட்டை முதலில் பார்த்தாள். எல்லோரையும் ஓடச் சொன்னாள். ஓடினார்கள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அம்மா மட்டும் ஏன் ஓடவில்லை?

யாருக்கும் தெரியவில்லை.

மூன்று மாதமாக, தங்கச்சி தூங்கியதும், போர்வைக்குள் அம்மாவைத் திட்டிக்கொண்டிருந்தாள் அவள். எங்களைவிட உனக்கு அப்படி என்ன அங்கே?

நிரையின் நடுவில் ஒரு செடி மட்டும் பறிக்காமல் தோளுயரம் வளர்ந்து நின்றது.

கிளையில் ஒரு துண்டு நீலம். மழையில் வெளுத்த நீலம். ஓரத்தில் மஞ்சள் பூ.

ஆஸ்பத்திரியில் அம்மாவின் உடலோடு அந்தச் சேலையைப் பையில் சுருட்டிக் கொடுத்தார்கள். முந்தானை கிழிந்திருந்தது. செடி இழுத்துக் கிழித்திருக்கும் என்று நினைத்திருந்தாள்.

மேலேயிருந்து கங்காணி கத்தினார்.

"கூட்ட நேத்தே எடுத்தாச்சு புள்ள. பயப்படாம துணிய அவுத்துட்டுப் பறி!"

முடிச்சில் நகத்தைக் கொடுத்தாள். நெகிழ்ந்தது. பிரிந்தது.

துணி விழவில்லை.

அடியில் இன்னொரு முடிச்சு.

பள்ளிக்கூடம் போகும்போது அம்மா ரிப்பனை அப்படித்தான் கட்டுவாள். நேரமாச்சு விடும்மா என்று இவள் துள்ளுவாள். தலையைப் பிடித்து நிறுத்துவாள் அம்மா.

"இருடி. ஒண்ணு போட்டா அவுந்துரும்."

கங்காணி மறுபடியும் கத்தினார்.

அவள் துணியின் இரண்டு முனைகளையும் பிடித்தாள். அவிழ்த்த முடிச்சைத் திரும்பப் போட்டாள்.

இரண்டாவது முடிச்சுக்கு ஒரு மூச்சு நேரம்தான் ஆனது.