எந்த ஊரு உப்பு?

“பலகையக் கீழ போடுங்கடி! ஒருத்தியும் உப்பு வாரக் கூடாது!”

மலர்கொடி போட்ட சத்தத்தில் உப்பளத்துப் பொம்பளைகள் எல்லாரும் நிமிர்ந்தார்கள்.

லாரி டிரைவர் பாவாடை அவள் பக்கத்தில் ஓடி வந்தான். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

“அக்கா, நான் சொன்னேன்னு சொல்லிடாதக்கா. கிளியனூர் ஷெட்டுல மூட்டைய எறக்கும்போது பேசிக்கினாங்க. மெஷின்ல பாக்கெட் போட்டு, மேல தூத்துக்குடி உப்புன்னு அடிக்கிறாங்களாம். நான் கண்ணால பாக்கல.”

“மரக்காணத்து உப்புக்கு எதுக்குடா தூத்துக்குடி பேரு?”

“ஓனரு வர்றாரு பாரு. அவரையே கேளு. என் பொழப்புல மண்ணப் போட்டுடாத.”

ஓனர் சக்கரபாணி மொபெட்டில் வந்து இறங்கினார். காதில் செல்போன். சுனாமிக்கு முன்னால் சாக்கும் தராசும்தான் அவருக்குத் தெரிந்த வியாபாரம். இப்போது ஆர்டர் எல்லாம் போனில். கிளியனூரில் புதுசாக ஒரு மெஷின் வேறு. அயோடின் கலப்பது, எடை போடுவது, பாக்கெட்டை ஒட்டுவது எல்லாம் அதுவே.

“நாளைக்கு ரெண்டு லோடு அனுப்பிடறேங்க…” என்றவர், பலகைகள் கீழே கிடப்பதைப் பார்த்ததும் போனை அணைத்தார்.

“இன்னாம்மா, யாருக்கு இன்னா ஆச்சு?”

“யாருக்கும் ஒண்ணும் ஆகலீங்க. எங்க உப்புக்குத்தான் ஊரு மாறிடுச்சாம்.”

சக்கரபாணி பாவாடையைப் பார்த்தார். பாவாடை குனிந்து லாரி டயரை அழுத்திப் பார்த்தான்.

“ஆமா, மாத்திட்டேன். அதுக்கு இன்னா இப்ப?”

“இன்னாவா? வெக்கமா இல்ல உனக்கு?” ‘ங்க’ எல்லாம் பறந்துவிட்டது. “கால் வெடிச்சு, கண்ணு எரிஞ்சு, இந்த வெயில்ல வார்றது நாங்க. பெத்து வளத்தது இங்க, இனிஷியல் மட்டும் எவன் ஊருதோவா?”

பொம்பளைகள் சிரித்தார்கள். சக்கரபாணி சிரிக்கவில்லை.

“அலை அடிச்சப்புறம் நீயும்தான சேறு அள்ளின? அதுக்கப்புறம் உப்பு வெள்ளை வெளேர்னு விளைஞ்சுது. ஒரு மூட்டை போச்சா? ‘பொணம் மிதந்த தண்ணில விளைஞ்ச உப்பு, தூக்கினு போய்யா’ன்னான் கடைக்காரன். சரி, மூட்டையா குடுத்தாதான வேணான்றான்னு மெஷின் வாங்கினேன். மொதல்ல மரக்காணம்னு பேரு போட்டுத்தான் ஓட்டினேன். அத்தனை பாக்கெட்டும் திரும்பி வந்துச்சு.”

“அவன் சொன்னா? கடலு இன்னா, ஊருக்கு ஊரு தனிக் குழாயிலயா வருது? படிச்சவனுங்களுக்கு இதுகூடவா தெரியாது? அந்த உப்பையே அள்ளி அவன் மூஞ்சில வீசிட்டு வராம, பயந்துகினு பேர மாத்தினியே, நீயெல்லாம் ஆம்பளையா?”

“வீசிட்டு வந்திருந்தா இன்னிக்கு உனக்கு வேலை இல்ல மலரு. அளத்த எப்பவோ மூடியிருப்பேன்.”

“மூடு! பட்டினி கெடக்கறோம். எங்க உப்ப அசிங்கம்னு நெனைக்கிறவன் தின்னவே வேணாம். மரக்காணம்னு பேரு போட்டாத்தான் பலகையத் தொடுவோம். இன்னாங்கடி சொல்றீங்க?”

“ஆமா! மழை வந்து எல்லாம் கரைஞ்சு போவட்டும்!” என்றாள் ராசம்மாள். மற்றவர்களும் கூட நின்றார்கள்.

சக்கரபாணி வானத்தைப் பார்த்தார். மேற்கே இருட்டிக்கொண்டு வந்தது. பாத்தியில் விளைந்த உப்பை வாரி மேட்டில் குவித்துக் கீற்று போடாவிட்டால், ஒரே மழையில் அத்தனையும் தண்ணீர்.

“சரிம்மா. நீங்க ஜெயிச்சீங்க” என்றார். “நாளைக்கே மரக்காணம்னு போடச் சொல்றேன். வித்தா சந்தோஷம். விக்கலன்னா நானும் உங்களோட பட்டினி கெடக்கறேன். ஆனா ஒண்ணு. இந்த பாக்கெட்ட இதுவரைக்கும் ஒருத்தன் கொற சொல்லல. பக்கத்துல கூனிமேட்டுக் கடையிலயே ‘இன்னும் குடு, இன்னும் குடு’ன்றான். உங்க கை உப்பு எப்படி இருக்குதுன்னு நீங்களே பாருங்க.”

வண்டிப் பையிலிருந்து ஒரு பாக்கெட்டை எடுத்து மலர்கொடி கையில் வைத்தார்.

நீலக் கவர். நடுவில் மயில் படம்.

அடுத்த வசவுக்குத் திறந்த மலர்கொடியின் வாய் அப்படியே நின்றது.

எட்டிப் பார்த்த ராசம்மாள் அவள் இடுப்பில் இடித்தாள். “ஏண்டி மலரு, இது நாம…”

“வாய மூடுடி.”

“அப்ப நாளைக்கே பேர மாத்திடட்டுமா?” என்றார் சக்கரபாணி.

மலர்கொடி பாக்கெட்டை அவரிடமே நீட்டிவிட்டு, குனிந்து பலகையை எடுத்தாள்.

“பேரு அப்படியே இருக்கட்டுங்க.”

ஒவ்வொருத்தியாகப் பாத்தியில் இறங்கினார்கள். ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்கவில்லை. சுனாமிக்கு அப்புறம் இந்த அளத்து உப்பை வாயில் வைக்கவே குமட்டுகிறது என்று, கூனிமேட்டுக் கடையில் அந்த மயில் படம் போட்ட பாக்கெட்டைத்தான் இவர்கள் எல்லாரும் கேட்டுக் கேட்டு வாங்கிக் குழம்பு வைத்துக்கொண்டிருந்தார்கள்.