முன் சில்லின் ஆட்டம்

“விக்கிற லொறிக்கு இவ்வளவு செலவு என்னத்துக்கு காக்கா?” என்று கேட்டபடி, ஜக்கில் தூக்கி வைத்திருந்த லொறியின் முன் சில்லைப் பிடித்து ஆட்டிக் காட்டினான் பஸால். சில்லு கடகடவென்று ஆடியது.

“விக்கிற எண்டு நான் சொல்லல்லியே தம்பி” என்றார் முனாப் காக்கா. பாலமுனையிலிருந்து வந்தவர். பஸால் வாங்கிக் கொடுத்த தேத்தண்ணி அவர் கையிலேயே ஆறிக்கொண்டிருந்தது.

பஸால் சிரித்துக்கொண்டான். கல்முனையில் கராஜ் வைத்த நாளிலிருந்து பார்க்கிறான், விற்கப்போகிற எவர்தான் அதை வாய்விட்டுச் சொல்லியிருக்கிறார்?

“கிங் பின் தேஞ்சி போச்சி. டைரொட் என்ட் ரெண்டும் ஆடுது. ஸ்பிரிங்ல ஒரு பட்டை வெடிச்சிரிக்கி. புஷ்ஷ மட்டும் மாத்தி கிரீஸ் அடிச்சி உட்டா, வாங்குறவனுக்கு விளங்காது.”

“பிறகு?”

“பிறகென்ன, ஒருநாள் ஸ்டியறிங் இறுகிரும். றோட்டால போற ஆரையாச்சும் அடிச்சிக் கொன்னுபோட்டிரும். அது வாங்கினவன்ட பாடு.”

முனாப் காக்காவின் முகத்தில் ஒன்றுமே தெரியவில்லை. “எல்லாத்தையும் புதுசாப் போடுங்க. ஒண்டையும் மிச்சம் வைக்காதீங்க.”

பம்பரில் தேசிக்காயும் மிளகாயும் கோத்த கயிறு காய்ந்து தொங்கியது. முன்பு வைத்திருந்த தமிழ் ஆள் கட்டியதாக்கும் என்று நினைத்து, அதை அறுக்கக் கத்தியை எடுத்தான் பஸால்.

“அதுல கை வைக்காதீங்க தம்பி. கட்டினவங்க கட்டினபடி கிடக்கட்டும்.”

அப்போது அவருடைய போன் அடித்தது. மனைவி ஜெமீலாவின் குரல் வெளியே கேட்டது. “நாப்பதாம் நாள் கத்தச் சோத்துக்குச் சமையல்காரனுக்குச் சொல்லிட்டீங்களா?”

“சோறு வேணாம் ஜெமீலா. அந்தக் காச இங்கதான் குடுக்கப்போறன்.”

“ஓம், அதுதான் நல்லம்” என்றாள்.

“ஆர்ட கத்தம் காக்கா?”

“மகன்ட. அஹ்ஸன் எண்டு பேரு.” பக்கத்துக் கடையில் அரிசி விலை சொல்வதுபோல் சொன்னார்.

பஸாலுக்கு மனது கஷ்டமாகிவிட்டது. லொறி ஓட்டிய மகன் மௌத்தாகிவிட்டான், இனி ஓட்ட ஆளில்லை, அதுதான் மனிசன் விற்கிறார். வெடித்த ஸ்பிரிங் பட்டை முதற்கொண்டு எல்லாவற்றையும் புதிதாகவே போட்டு முடித்தான்.

பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு, காக்காவைப் பக்கத்தில் ஏற்றிக்கொண்டு மெயின் றோட்டில் ஓட்டிப் பார்த்தான். ஸ்டியறிங்கில் இருந்து கையை எடுத்தான். லொறி கோடு பிடித்ததுபோல் நேரே போனது.

“இனி இறுகாதா தம்பி?”

“இறுகாது காக்கா.”

“ஆரிலயும் ஏறாதா?”

“அல்லாஹ் காவல். என்ட வேலைல பிழை வராது.”

திரும்பி வந்தபோது கராஜ் வாசலில் நெற்றியில் விபூதியோடு ஒருவர் நின்றார். உள்ளே வர அவருக்குக் கால் எழவில்லை. முனாப் காக்காவே இறங்கிப்போய் சாவியை அவர் கையில் வைத்தார்.

“பாத்து ஓட்டுங்க புண்ணியமூர்த்தி.”

சாவியோடு அந்தக் கையையும் பிடித்துக்கொண்டு அவர் விம்மி விம்மி அழுதார். முனாப் காக்கா அழவில்லை. கையை இழுத்துக்கொள்ளவும் இல்லை.

பஸாலால் கேட்காமல் இருக்க முடியவில்லை. “இவரா காக்கா லொறிய வாங்கினவர்?”

“லொறி எப்பவும் அவர்டதான் தம்பி. என்ட மகன அடிச்ச லொறி.”