ஃப்ரிட்ஜ் வெள்ளை

கார்க் கதவுகளில் சுழல் கீறல் எல்லாம் போய்விட்டது. பின்சக்கரத்துக்கு மேலே ஒரு பகுதிதான் பாக்கி.

வெள்ளைக் காரில் கீறல் இருக்கிறது என்று சொன்னால் எங்கள் பர்ராங்கியா ஊரில் யாரும் நம்ப மாட்டார்கள். வெள்ளை எல்லாவற்றையும் மூடிக்கொள்ளும். விளக்கைச் சாய்த்துப் பிடித்தால்தான், பழைய பனியனை வைத்து வட்டம் வட்டமாகத் துடைத்த பாவமெல்லாம் சிலந்தி வலை மாதிரி தெரிய வரும்.

அதனால்தான் முன்வாசல் கூரை நிழலில் விளக்கை மாட்டி, காலையிலிருந்து பாலிஷ் மெஷினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். திங்கட்கிழமையிலிருந்து ஓட்டலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

டிசம்பரில், மாதாவுக்குத் தெருவெல்லாம் மெழுகுவர்த்தி ஏற்றும் பண்டிகை அன்று, இன்சுலின் ஊசியைப் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் காரை எடுத்த புத்திசாலி நான். சர்க்கரை இறங்கி ஸ்டியரிங்கிலேயே மயங்கிவிட்டேன். கண் விழித்தது ஆஸ்பத்திரியில்.

"கார் தானா பின்னால உருண்டு போயி கேட் பக்கத்துல நின்னுடுச்சு. ஒரு கீறல் கெடையாது. மாதா கை வச்சுத் தடுத்துட்டா" என்றாள் என் மனைவி நூபியா.

போனது மோச்சோ மட்டும்தான். என் நாய். பாதி வால் இல்லாதவன், இலவங்கப்பட்டை நிறம். என்னைத் தூக்கிக்கொண்டு ஓடியபோது கேட் திறந்து கிடந்ததாம். பண்டிகை வெடிச் சத்தத்தில் மிரண்டு ஓடிவிட்டானாம்.

ஓடினவன் பசித்தால் வராமல் எங்கே போவான்? தினமும் பொழுது சாயும்போது கேட்டில் நின்று விசில் அடிப்பேன். நூபியா முள் எடுத்த மீனைச் சோற்றில் பிசைந்து தகரத் தட்டில் தருவாள். கேட்டோரம் வைப்பேன். காலையில் தட்டு காலியாக இருக்கும். எனக்கு அதுதான் தெம்பு.

நான் விசில் அடித்தால் எதிர்வீட்டுக்காரர்கள் வாசலில் போட்ட நாற்காலியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விடுவார்கள். கிழவனுக்குக் கிறுக்கு என்று நினைப்பு. நினைத்துவிட்டுப் போகட்டும்.

திங்கட்கிழமை ஊர் முழுக்கத் தேடிப் போவதாக இருந்தேன். இந்தக் கார் என்றால் மோச்சோவுக்கு உயிர். நாலு தெரு தள்ளிப் பார்த்தாலும் ஓடி வந்து முன்சீட்டில் ஏறிவிடுவான். அவன் கண்ணில் படுவதற்காகத்தான் இந்தப் பளபளப்பு.

நூபியா சமையலறை ஜன்னலில் எட்டிப் பார்த்தாள். "அந்தப் பக்கத்த விடுய்யா கிழவா, அது நல்லாத்தான் இருக்கு. வந்து சாப்புடு, சோறு ஆறுது."

"உன் தம்பி மாதிரி அரைகுறையா வேல பாக்கச் சொல்றியா?"

அவள் தம்பி ஆல்சிதெஸ் பழைய ஃப்ரிட்ஜுகளுக்குப் பெயிண்ட் அடிக்கிறவன். அவனை ஒன்று சொன்னால் நூபியா பத்தாகத் திருப்பித் தருவாள். அன்று ஜன்னலை விட்டு நகர்ந்துவிட்டாள்.

மெஷினை வைத்து ஓட்டினேன். நீலத் துணியால் பாலிஷ் பசையைத் துடைத்தேன்.

துணியெல்லாம் வெள்ளை.

பசையோ பழுப்பு நிறம். கம்பெனிப் பெயிண்ட்டுக்கு மேலே கண்ணாடி மாதிரி ஒரு பூச்சு உண்டு. என்ன தேய்த்தாலும் வெள்ளை துணியில் ஒட்டாது. காலையிலிருந்து எங்கேயும் ஒட்டவில்லை, இங்கே அள்ளிக்கொண்டு வந்தது. மேல்பூச்சு இல்லாத பெயிண்ட். ஃப்ரிட்ஜுக்கு அடிப்பது.

ஒரு கீறல்கூட விழாத காருக்கு எதற்குப் பெயிண்ட்?

விளக்கைக் கீழே இறக்கினேன். சக்கர வளைவின் உள்விளிம்பைத் துடைக்காமலே அடித்திருக்கிறான் ஆல்சிதெஸ். பெயிண்ட்டோடு சேர்ந்து இறுகிப்போய் நாலைந்து முடிகள் இருந்தன. இலவங்கப்பட்டை நிறம்.

கேட்டைத் திரும்பிப் பார்த்தேன். ஒரு பக்கத் தூண் மட்டும் புதிதாகப் பூசியிருந்தது. கிறிஸ்துமஸுக்காகப் பூசியது என்றார்கள். நான் காரைப் பின்னால் எடுக்கும்போதெல்லாம் மோச்சோ அந்தத் தூணை ஒட்டித்தான் நிற்பான், தெருவுக்கு வந்ததும் ஏறிக்கொள்ள.

மெஷினை மறுபடி ஓடவிட்டேன். அதன் சத்தத்தில் கொஞ்ச நேரம் அழுதேன்.

அப்புறம்தான் தட்டு நினைவுக்கு வந்தது. மோச்சோ இல்லையென்றால் அதைக் காலி செய்தது யார்? சாயங்காலம் ஒவ்வொரு முள்ளாக எடுத்துப் பிசைந்தவளே, நான் எழுந்திருப்பதற்கு முன் போய்க் கொட்டிவிட்டு, தட்டை அதே இடத்தில் வைத்துவிட்டு வந்திருக்கிறாள். டிசம்பரிலிருந்து, ஒரு நாள் விடாமல்.

துணியை வெள்ளை உள்ளே போகும்படி மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டேன். முகம் கழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தேன். கார் சாவியை அவள் பக்கம் தள்ளினேன்.

"தேடப் போகல நூபியா. அவன்தான் தெனம் ராத்திரி வந்து தின்னுட்டுப் போறானே."

அவள் என் முகத்தையே பார்த்தாள். பிறகு என் தட்டில் இன்னொரு துண்டு மீன் வைத்தாள்.

பொழுது சாய்ந்ததும் வழக்கம்போலத் தகரத் தட்டை நீட்டினாள். வாங்கிக்கொண்டு போய்க் கேட்டோரம் வைத்தேன். எதிர்வீட்டு நாற்காலிகள் உள்ளே போயின.

உதடு காய்ந்து முதலில் வெறும் காற்றுதான் வந்தது. நாக்கால் ஈரப்படுத்திக்கொண்டு, சமையலறை வரைக்கும் கேட்கிற மாதிரி விசில் அடித்தேன்.